இரத்தம் எங்கே பிறக்கின்றது?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இரத்தத்தைப் பற்றிப் பேசும்படி வாசகசாலையார் நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கின்றார்கள். நம் நாட்டில் இரத்தத்தைப் பற்றிப் பேசாதவர் யார்? பெண் கொடுக்கும்போது இரத்தம் பேசப்படுகின்றது. பங்காளிச் சண்டையில் இரத்தம் பேசப்படுகின்றது. இன்னான் இரத்தம் உயர்ந்தது, இன்னான் இரத்தம் தாழ்ந்தது என்று சொல்லி, ஒருவன் குடித்த டம்ளரை மற்றொருவன் தொடமாட்டேன் என்கின்றான். இவ்வளவு பேசுகிறவரைக் கூப்பிட்டு, "அய்யா, அந்த இரத்தம் உம்முடைய உடம்பில் எந்த இடத்தில் உண்டாகின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சைத் தொடுவார், இல்லாவிட்டால் வயிற்றைத் தொடுவார். எலும்பைத் தொடுகிறவர் அபூர்வம்.

நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அதற்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தம் பிறக்கும் இடம். இதை 1868-ம் வருஷத்தில் கோனிக்ஸ்பர்க் நகரத்தில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்ற வைத்தியர் கண்டு சொன்னார். அதற்கு முன் எத்தனையோ ஆயிரம் வருஷமாக மனிதன் எலும்பைக் கடித்துக் கொண்டுதான் இருந்தான், பார்க்கத்தான் இல்லை.

இரத்தத்தில் சிவப்பணு உண்டு, வெள்ளணு உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளணு என்பது ஒரே வகையல்ல. பால் எர்லிக் என்ற ஜெர்மானியர், துணிக்குப் போடும் சாயங்களைப் போன்ற சாயங்களை ஒரு துளி இரத்தத்தின்மேல் ஊற்றிப் பார்த்தார். சில அணுக்கள் செஞ்சாயத்தை ஏற்றன. சில நீலத்தை ஏற்றன. சில இரண்டிலும் அதிகமாக ஒட்டவில்லை. அந்தச் சாயத்தை வைத்தே இயோசினோபில், பேசோபில், நியூட்ரோபில் என்று பெயர்கள் வந்தன. இவற்றோடு மோனோசைட், லிம்போசைட் என்பவையும் சேர்ந்து ஐந்து வகை. நியூட்ரோபில் புண்ணில் புகுந்த கிருமியை விழுங்குகின்றது. சீழில் பெரும்பகுதி அதன் பிணமே. இயோசினோபில் குடற்பூச்சி போன்றவற்றோடு போராடுகின்றது. மோனோசைட் இரத்தக் குழாயை விட்டு வெளியேறி, பெரிய விழுங்கணுவாக மாறிக் குப்பை கூட்டுகின்றது. லிம்போசைட்டோ ஒருமுறை வந்த பகைவனை ஞாபகம் வைத்துக் கொள்ளுகின்றது.

இந்த ஐந்துக்கும் ஐந்து தாயா, ஒரே தாயா என்பதில்தான் வைத்தியர்களுக்குள் நெடுநாள் சண்டை. ஒரே தாய்தான் என்று ருஷியரான அலெக்சாண்டர் மாக்சிமோவ் 1909-ல் பெர்லினில் பேசினார். பலர் ஒப்பவில்லை. ருஜுவு வர அரை நூற்றாண்டு பிடித்தது. 1961-ல் கனடாவில் டொரான்டோ நகரத்தில் டில், மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சினால் மஜ்ஜை அழிந்துபோன எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஊசியால் செலுத்தினார்கள். சில நாள் கழித்து அவற்றின் மண்ணீரலில் சிறு சிறு முண்டுகள் கிளம்பின. அந்த ஒரு முண்டிலேயே சிவப்பணுவும் இருந்தது, வெள்ளணுவும் இருந்தது. முண்டு முழுவதும் ஒரே அணுவிலிருந்து பிறந்ததுதான் என்பதை, அணுவிலிருந்த அடையாளத்தைக் கொண்டு 1963-ல் காட்டிவிட்டார்கள். தாய் அணு ஒன்றே என்பது இப்படித்தான் உறுதிப்பட்டது. யாரும் ஞானதிருஷ்டியில் கண்டு சொல்லவில்லை.

அப்படியானால் ஒன்று நியூட்ரோபில் ஆவதும் மற்றொன்று லிம்போசைட் ஆவதும் எதனால்? தலையெழுத்தா என்று கேட்பீர்கள். எழுத்து இருப்பது வாஸ்தவம். ஆனால் எல்லா அணுவுக்குள்ளும் ஏறக்குறைய ஒரே எழுத்துத்தான் இருக்கின்றது. ஒரே புத்தகத்தில் எந்தப் பக்கம் திறக்கப்படுகின்றது, எந்தப் பக்கம் மூடப்படுகின்றது என்பதில்தான் வித்தியாசம். திறந்து மூடுகிற வேலையை அணுவுக்குள் சில புரதங்கள் செய்கின்றன. வெளியிலிருந்தும் உத்தரவுகள் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டொனால்ட் மெட்காப் என்பவர் இந்த உத்தரவுப் பொருள்களைத் தேடுவதிலேயே ஆயுளைச் செலவிட்டார். கிருமி தாக்கினால் உடம்பு அந்தப் பொருளை அதிகமாகச் சுரக்கும். மஜ்ஜை அதிக நியூட்ரோபில்களை அனுப்பும். சாதாரண நாளிலேயே இந்த ஒரு வகை மட்டும் பத்தாயிரம் கோடி அளவில் தினம் பிறக்கின்றது.

அது படிப்படியாக முதிர்கின்றது. முதலில் மயலோபிளாஸ்ட் என்ற பெரிய பச்சை அணு. அடுத்தது புரோமயலோசைட், இதில்தான் கிருமியைக் கொல்லும் மருந்துப் பொடிகள் நிரம்புகின்றன. அதன்பின் மயலோசைட். அதோடு பெருகுவது நின்றுவிடும். மிச்சமுள்ள காலமெல்லாம் உட்கரு வளைந்து, துண்டு துண்டாக இடுங்கி, குழாய்ச் சுவரில் நுழைந்து போகத் தகுதியாவதில் செல்லும். ஏறக்குறைய இரண்டு வாரம் பக்குவப்பட்ட ஒரு அணு, இரத்தத்தில் சுற்றுவது ஒரு நாள்கூட இல்லை.

பிறவி மாறாது என்கிறவர்களுக்கு ஒரு சமாசாரம். லிம்போசைட் ஆகி முடிந்த எலி அணுக்களுக்குள் ஒரே ஒரு புரதத்தை அதிகப்படுத்தி, அவற்றை விழுங்கணுவாக மாற்றிக் காட்டிவிட்டார்கள். இது 2004-ல் வெளிவந்தது.

இனி, முதிராமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேளுங்கள். புரோமயலோசைட் அடுத்த படிக்கு ஏறாமல் அங்கேயே நின்று பெருகினால், அது ஒருவகை இரத்தப் புற்றுநோய். 15-வது, 17-வது குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக் கொள்ளுவதால் வருவது. ஈறில் இரத்தம் கசியும், உடம்பில் காரணமில்லாமல் நீலத் தழும்பு விழும், சில நாளிலேயே மூளையில் இரத்தம் கசிந்து ஆள் போய்விடலாம். இப்படி ஈறு கசிந்த ஒரு பையனை ஆறு நாள் வேப்பிலை அடித்து வைத்திருந்த வீட்டை நாம் அறிவோம். ஏழாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். பயனில்லை.

இந்த நோய்க்கு 1985-ல் ஷாங்காய் நகரத்தில் வாங் சென்-இ என்ற டாக்டர் ஒரு புது வழி பிடித்தார். கெட்ட அணுவைக் கொல்லுவதற்குப் பதிலாக அதை முதிரச் செய்தால் என்ன என்று யோசித்து, வைட்டமின் ஏ-யைச் சேர்ந்த ஒரு மருந்தை 5 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார். நின்றுபோன அணுக்கள் முதிர்ந்தன, குழந்தை பிழைத்தது. 1988-ல் 24 பேருடைய கணக்கை வெளியிட்டார்கள்: 23 பேருக்கு இந்த மருந்து மட்டுமே போதியதாயிருந்தது. (முருங்கைக்கீரை தின்றால் போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அது வேறு, இது வேறு.) பின்பு சீனாவிலேயே ஹார்பின் நகரத்தார் பாஷாணத்திலிருந்து செய்த மருந்தையும் சேர்த்தார்கள். நம் வேலூரிலும் அந்த மருந்தை மட்டுமே கொடுத்துப் பலரைக் குணப்படுத்தியிருக்கின்றார்கள். உடனே நம்மவர், "பார்த்தீர்களா, எங்கள் முன்னோர் பாஷாணத்தை அன்றே அறிந்திருந்தார்கள்" என்பார்கள். அறிந்திருக்கட்டும். எத்தனை பேருக்கு, எவ்வளவு எடை, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கு எங்கே?

மற்ற வகைப் புற்றுநோய்களில் சிலவற்றுக்குப் பிறர் மஜ்ஜையை ஏற்றுகின்றார்கள். இதற்காக டொன்னால் தாமஸ் என்ற அமெரிக்கருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். ஆனால் பஞ்சாங்கத்தில் அல்ல. கூடப்பிறந்த ஒருவர் முழுவதும் பொருந்துவதற்கு 4-ல் 1 பங்குதான் வாய்ப்பு. ஆகவே முன்பின் அறியாத அந்நியரைத் தேட வேண்டியிருக்கின்றது. ஏற்றியபின், கொடுத்தவருடைய தாய் அணு வாங்கியவருடைய எலும்பில் குடியேறி, புது இரத்தம் முழுவதையும் உண்டாக்குகின்றது. இரத்த வகை வேறாக இருந்தால் அதுகூடக் கொடுத்தவருடைய வகையாக மாறிவிடும். அப்படிப் பிழைத்த மனிதர் எந்த இரத்தம், எந்தக் குலம் என்பதைச் சாஸ்திரம் பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

கொடுத்தால் எலும்பு உளுத்துப் போகுமா என்று அந்த மூலையிலிருக்கும் தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கின்றார். போகாது. இப்போது பெரும்பாலும் எலும்பைத் துளைப்பதே இல்லை. நாம் சொன்ன மெட்காப் தேடிய உத்தரவுப் பொருளில் ஒன்றை நாலைந்து நாள் ஊசி போடுவார்கள். தாய் அணுக்கள் மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வந்துவிடும். கையிலிருந்து சில மணி நேரத்தில் பிரித்தெடுத்துக் கொள்ளுவார்கள். அந்த நாட்களில் எலும்பு வலி இருக்கும், அது உண்மை. எடுத்தது சில வாரத்தில் ஊறிவிடும். பெயர் பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும்.