பந்துக்கு முன் வரிசை எதற்கு?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கும் பொறுப்பைச் சென்ற ஆண்டு எங்களிடம் ஒப்படைத்தீர்கள். நாங்கள் பயிற்சியாளர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுவோர். எங்கள் படிப்பும் பள்ளியிறுதி வகுப்போடு நின்றது. ஆகவே இதனைக் கற்றவர் உரையாகக் கொள்ளாது, தவறிப் பின் திருந்தினோர் ஒப்புவிக்கும் கணக்காகக் கொள்ள வேண்டுகிறோம்.

முதல் ஞாயிறன்று 24 பிள்ளைகள் வந்தனர். எங்களிடம் இருந்தவை இரண்டே பந்துகள். மைதானத்தை நான்கு சுற்று ஓடச் செய்தோம். பின்னர் 12 பேர் கொண்ட இரண்டு வரிசைகளாக நிறுத்தி, முறை வைத்துப் பந்தை உதைக்கச் செய்தோம். ஒழுங்காக நடக்கிறது என்று எங்களுக்குப் பெருமிதம். மூன்றாம் ஞாயிறன்று வந்தவர் ஒன்பதே பேர்.

வராத சிறுவன் ஒருவனை வழியில் கண்டு காரணம் வினவினோம். வரிசையின் கடைசியில் எப்போதும் நிற்கும் குள்ளமான பையன் அவன். “வரிசையில் நிற்கப் பள்ளிக்கூடமே போதும், மாமா” என்றான்.

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். ஒருவன் முறைக்கு அரை நிமிடம். 12 பேருக்கு ஆறு நிமிடம். இருபது நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்கு மூன்று முறையே வாய்க்கும். அதாவது, பந்தோடு இருந்தது ஒன்றரை நிமிடம். சும்மா நின்றது பதினெட்டரை நிமிடம்! இப்படியொரு கணக்கு அலுவலகத்தில் வந்திருந்தால் நாங்களே கையொப்பமிட மறுத்திருப்போம்.

இதனை ஓய்வுபெற்ற மூத்த ஊழியர் ஒருவரிடம் சொன்னபோது, “ஐதராபாத்தில் இருந்துகொண்டு ரஹீம் சாகிபை அறியாமலா பந்து பழக்குகிறீர்கள்?” என்று கடிந்துகொண்டார். அதன் பின்னரே அப்பெருமகனாரின் வரலாற்றைத் தேடி அறிந்தோம்.

சையது அப்துல் ரஹீம் இவ்வூர்ப் பள்ளியாசிரியர். நாம் நாள்தோறும் கடக்கும் காச்சிகுடாவிலும் ஆசிரியப் பணி புரிந்தவர். அவர் பழக்கிய ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் வழிகாட்டிய இந்திய அணி 1951இல் தில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசியப் போட்டியில் தங்கம் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் எய்தியது. 1963இல் அவர் மறைந்தார்.

செகந்திராபாத் அம்முகுடாவிலே வறிய குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பாலராமை அவர் கண்டெடுத்தார். பயிற்சிக்கு வரப் பையனிடம் வசதியில்லை என்றறிந்து, சைக்கிள் வாடகைக்குத் தாமே காசு கொடுத்தார் என்பர். ஐதராபாத்தில் பிறந்த தங்கராஜ் ஜகார்த்தா இறுதியாட்டத்தில் நம் கோலைக் காத்தவர். பாலராமும் அவ்வாட்டத்தில் ஆடினார்.

எங்கள் கண்ணைத் திறந்தவை அவர் பெற்ற கோப்பைகள் அல்ல. அவர் வகுத்த சிறு விதிகளே. பந்தை ஓட்டிக்கொண்டே போகாமல் உடனே தோழனுக்குத் தட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு போட்டி; பலங்குறைந்த காலாலேயே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி; உயரத்திற்கு வரம்பிட்டுச் சிறியோர்க்கென ஒரு போட்டி. சொற்பொழிவால் விளங்காததை ஒரு விதி விளையாட்டாகவே விளக்கிவிடுகிறது!

அவ்வழியை ஒட்டி நாங்கள் அமைத்துக்கொண்ட ஒரு மணி நேரத் திட்டம் இதுதான்.

வெயிலேறுமுன், காலை ஆறரைக்குத் தொடக்கம். வீட்டுக்கு வீடு பந்து கொண்டுவர வேண்டும். ரப்பர்ப் பந்தும் தகும். முதல் பத்து நிமிடம் தொட்டுப் பிடிக்கும் ஆட்டம்: ஓடுகிறவனும் துரத்துகிறவனும் பந்தைக் காலோடு உருட்டியே ஓட வேண்டும். அடுத்த பத்து நிமிடம் சுண்ணாம்புக் கோட்டுக் கட்டத்துள் தன் பந்தைக் காத்துப் பிறர் பந்தை வெளியே தள்ளுதல். பந்தை இழந்தவன் வெளியே உட்காருவதில்லை. பத்து முறை பந்தைக் காலால் தட்டிவிட்டு உள்ளே வரலாம். தோற்றவனுக்கன்றோ பழக்கம் மிகுதியும் வேண்டும்! பின்னர்த் தண்ணீர். அதன்பின் பத்து நிமிடம் இடக்கால் ஆட்டம். எஞ்சிய நேரம், உயரம் பார்த்துப் பிரித்த மூவர்க்கு மூவர் ஆட்டம். நான்கு சிறு களங்கள், செருப்புகளே கோல் கம்பங்கள், கோல் காப்பவர் இல்லை. இறுதி ஐந்து நிமிடம் வட்டமாக அமர்ந்து, தோழன் ஒருவன் செய்த நல்லதொன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

அந்தக் குள்ளப் பையனை மீண்டும் அழைத்து வந்தோம். இடக்கால் ஆட்டம் தொடங்கியது. வழக்கமாக முன்னிற்கும் பெரிய பையன்கள் தடுமாறினர். இவனோ ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கோல் போட்டான். அவன் இயல்பாகவே இடக்காலன்! எங்கள் கண்ணெதிரே நின்றவனின் கால் எது என்பதைக்கூட நாங்கள் அறிந்திருக்கவில்லை. வரிசையை அறிந்தோம், பிள்ளையை அறிந்தோமில்லை. அடுத்த வாரம் முதல் அவனுக்கு மட்டும் வலக்கால் விதி. சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான்.

இன்று மீண்டும் 24 பேர் வருகின்றனர். அண்டை வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளும் உருதுப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கின்றனர். “இங்கே கொடு” என்னும் தமிழ் அவர்களுக்கும் பழகிவிட்டது.

சங்கத்தாரிடம் இரண்டே வேண்டுகோள். ஒன்று, சிறுவர்க்கேற்ற நான்காம் அளவுப் பந்துகள் நான்கு வேண்டும். மற்றொன்று காசில்லாதது, ஆயினும் அரியது. கோட்டருகே நின்று, “உதை, ஓடு, அவனுக்கு ஏன் கொடுத்தாய்?” என்று கூவாதீர்கள், பெற்றோர்களே! பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும் நொடியில் பந்து அவன் காலை விட்டுப் போய்விடுகிறது.

எல்லாரும் பாலராம் ஆகமாட்டார்கள். ஆயினும் வரிசையின் கடைசியில் ஒரு பாலராம் நின்றிருந்து, நாம் காணாமலே வீடு திரும்பிவிடலாகாது. அதுவே எங்கள் கவலை.