மெய்ந்நிகர் உலகில் வழி காணல்

கணிப்பொறி படைத்த மெய்ந்நிகர் நகரில், தலையில் திரைக்கருவி மாட்டி உலவும் மாணவன் சிறிது நேரத்தில் தலைசுற்றுகிறது என்கிறான். காரணம் யாது? ‘திரும்புகிறாய்’ என்கிறது கண். ‘அசையவில்லை’ என்கின்றன உட்செவியின் அரைவட்டக் குழல்கள். சாட்சிகள் முரண்படவே மூளை மயங்குகிறது.

வழியறிவு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. எலியும் மனிதனும் உள்ளத்தில் வரைபடம் தீட்டிக்கொள்வதாக 1948-இல் அமெரிக்க உளநூலறிஞர் டோல்மன் எழுதினார். இடமறியும் உயிரணுக்களை எலியின் மூளையில் கண்டு 1971-இல் அறிவித்த ஓக்கீஃப், 2014-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். அவ்வரைபடம் செம்மையுற உடலசைவும் வேண்டும். கைப்பிடியைத் திருகித் திரும்புவோரினும், உடலோடு திரும்புவோர் திசை தவறுவது குறைவு.

ஆதலின் ஆசிரியர்களே, மெய்ந்நிகர் நகரைக் காட்டுமுன் மாணவரைத் தம் ஊரில் நடக்கவிடுங்கள். எத்தெரு எங்கே முடிகிறதென அவர்களே வரைந்து காட்டட்டும்.