கலைஞனை எதிர்பார்த்திருந்தவர்கள்



காதலர் ஒருவரை ஒருவர் பிரிவதற்கு உரிய காரணங்களைத் தொல்காப்பியர் முறையாக வகுத்துச் சொல்லியிருக்கிறார். தலைவன் கல்விக்காகப் பிரிவான். போரின் பொருட்டுப் பிரிவான். வேந்தரிடையே தூதாகச் செல்வான். பொருள் தேடிச் செல்வான். பரத்தையை நாடிப் பிரிவதும் உண்டு. இந்த வரிசையை வகுப்பில் பாடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவது வழக்கம். ஆடுவதற்காக ஊர்விட்டு ஊர் போனவனும், பாடுவதற்காகப் போனவனும் இதில் ஏன் இல்லை?

இதற்கு விடை ஆற்றுப்படை நூல்களில் கிடைக்கிறது என்பது என் எண்ணம். அங்கே பாணனும் பொருநனும் கூத்தனும் தனியே போவதில்லை. சுற்றத்தோடு போகிறார்கள். விறலியும் உடன் நடக்கிறாள். நடந்து நடந்து அவள் அடிகள் வருந்துவதைப் புலவர்கள் இரக்கத்தோடு பாடியிருக்கிறார்கள். பசித்தால் எல்லோரும் பசித்திருக்கிறார்கள். வள்ளல் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். ஆகையால் கலைஞனின் மனைவி வாயிற்படியில் நின்று வழி பார்க்க வேண்டிய தேவை அங்கே பெரிதாக எழவில்லை. அந்தத் தேவை எழுந்த ஓரிரு இடங்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள கிணத்துக்கடவு என்னுடைய ஊர். பெயரிலேயே கிணறு இருக்கிறது, ஆறு இல்லை. பொன்மலையின்மேல் வேலாயுதசாமி கோயில் கொண்டிருக்கிறார். கீழே தக்காளிச் சந்தை. சரக்கு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன கணவனை எதிர்பார்த்திருக்கும் உழவர் வீட்டுப் பெண்ணின் மனக்கணக்கு எளிமையானது. நல்ல விலை கிடைத்தால் விரைவில் விற்றுவிடும். விரைவில் விற்றால் விரைவில் வீடு வந்து சேர்வான். அவன் தொழில் சிறக்க வேண்டும் என்பதும், அவன் திரும்பி வர வேண்டும் என்பதும் அவளுக்கு ஒரே வேண்டுதல்தான். பாலைத்திணைத் தலைவிக்கும் அப்படியே. பொருள் கைகூடினால் தலைவன் தேரைத் திருப்புவான்.

கலைஞனை எதிர்பார்த்திருப்பவளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

இதை எனக்கு விளக்கியவர் எந்தப் புலவரும் அல்லர். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அண்ணன்மார் கதை பாடுவதில் வல்லவர். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரையும் அவர்கள் தங்கையையும் பற்றிய அந்தக் கதையைக் கொங்கு நாட்டில் பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். அவர் வெளியூர் போயிருந்த சமயம் ஒருநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அவருடைய மனைவியார் மட்டும் இருந்தார். மேல்காற்று வீசும் காலம் அது. பாலைக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று தென்னை மட்டைகளை உலுக்கிக்கொண்டிருந்தது.

“ஆத்தா, ஐயா எப்போது வருவார்?” என்று கேட்டேன்.

அந்த அம்மையார் நாளையோ கிழமையையோ சொல்லவில்லை. “நேத்து ராத்திரி தாமரை தவத்துல நின்னிருப்பாளுங் கண்ணு,” என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் கதையைக் கொண்டு நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்! தாய் தாமரையின் தவம் முடிந்து பிள்ளைகள் பிறக்க வேண்டும், தங்கை கேட்ட கிளியைப் பிடித்து வர வேண்டும், கொம்பன் என்னும் பன்றியை வேட்டையாட வேண்டும், பிறகுதான் படுகளம். படுகளம் விழுந்து, தங்கை அண்ணன்மாரை எழுப்பிவிட்டால் பாட்டுக்காரர் உடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். எத்தனையோ காத தூரத்தில், எந்த இரவில், எந்தக் கட்டத்தை அவர் பாடுவார் என்பது அந்த அம்மையாருக்குத் தெரியும். முதுமை வரையில் அந்தக் கதையைக் கேட்டு வந்தவர் அல்லவா?

“கதை நல்லா ஏறுச்சுன்னா அவிய வர நாளாகுங் கண்ணு. ஏறலீனா வெரசா வந்துருவாங்க,” என்று மேலும் சொன்னார்.

கேட்பவர்கள் மனம் கனிந்தால் ஓர் இரவின் கதை இரண்டு இரவாக விரியும். பக்கத்து ஊரார் அங்கேயே வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். ஆகையால் அவருடைய வெற்றி ஒவ்வொன்றும் இவருக்கு ஒருநாள் பிரிவு. அப்படியானால் பொன்மலையில் நின்று இவர் எதை வேண்டிக்கொள்வார்? கேட்கத் தயங்கினேன், ஆனாலும் கேட்டுவிட்டேன். “கதை நல்லா ஏறோணும்னுதான் வேண்டிக்குவேன். வேண்டிக்கிட்டு ஊட்டுக்கு வந்து அழுவேன்,” என்றார்.

மாணவ நண்பர்களே, இந்தச் சொற்களைக் காதில் வைத்துக்கொண்டு குறுந்தொகையின் 31ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். ஆறே அடிகள். பாடியவர் ஆதிமந்தியார். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட உரைப்பதிப்பு பல நூலகங்களில் உண்டு. தலைவி தன் தலைவனைத் தேடுகிறாள். வீரர்கள் திரண்டிருக்கும் விழாவில் தேடுகிறாள்; மகளிர் தழுவி ஆடும் துணங்கைக் கூத்தில் தேடுகிறாள்; எங்கும் காணவில்லை. அவன் பெருமை மிக்கவன். அவனை நினைந்து மெலிந்ததால் அவள் கையிலுள்ள சங்கு வளைகள் நெகிழ்கின்றன. இவ்வளவும் பிற சங்கப் பாடல்களிலும் நாம் காணக்கூடியதே. ஆனால் இந்தப் பாட்டில் அவள் ஒரு செய்தியை இரண்டு முறை சொல்கிறாள்: தானும் ஆடுகளத்தைச் சேர்ந்தவள், அவனும் ஆடுகளத்தைச் சேர்ந்தவன்.

அயலார் மணம் பேச வந்தபோது தலைவி தன் காதலைத் தோழிக்கு வெளிப்படுத்தியது என்று இதன் பழைய துறைக்குறிப்பு கூறும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் தேடும் இடங்களைக் கவனியுங்கள். பிரிந்த காதலனைத் தேடும் பெண் விழாவுக்கும் கூத்துக்கும் ஏன் போக வேண்டும்? அவன் ஆடுபவன் என்பதால். ஆட்டம் எங்கே உண்டோ அங்கே அவன் இருக்க வேண்டும் என்பது இன்னோர் ஆடுபவளுக்குத் தெரியும். உடுக்கைப் பாட்டுக்காரரின் மனைவி கதையைக் கொண்டு கணவனைக் கணக்கிட்டதுபோல, இவள் விழாவைக் கொண்டு காதலனைத் தேடுகிறாள். இதில் ஒரு கொடுமையும் உண்டு. அவனைக் காணும் இடம் அவன் ஊருக்கெல்லாம் உரியவனாக இருக்கும் இடமே.

இந்தப் பாட்டில் அவன் பெயர் இல்லை, ஆறும் இல்லை. அவற்றை நமக்குத் தருகிறவர் பரணர். அகநானூற்றில் அவர் பாடிய பாடல்கள் சிலவற்றில் ஆட்டனத்தி வருகிறான். 376ஆம் பாட்டில் காவிரியின் கழார்த்துறை. கரிகால் வளவன் தன் சுற்றத்தோடு இருந்து பார்க்கிறான். காலில் கழல் புரள, வயிற்றில் கரிய கச்சுக் கட்டி, பொன்னணியும் மணியும் ஒலிக்க, ஆட்டனத்தி புதுப்புனலில் ஆடுகிறான். அப்போது காவிரி அவனை வாரிக்கொண்டு போய்விடுகிறது. எதற்காக? அவன் அழகை விரும்பி என்கிறார் பரணர். வெள்ளத்தின் சீற்றத்தையோ அவனுடைய கவனக் குறைவையோ அவர் காரணமாகச் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் காவிரியும் ஒருத்தி. பார்த்தவளுக்கு விட மனமில்லை. கதை நன்றாக ஏறிவிட்டது; ஆள் திரும்பவில்லை.

ஆதிமந்தி கரையோடு தேடிப் போனாள். அகநானூற்று 222ஆம் பாட்டில் மருதி என்னும் ஒருத்தி வருகிறாள். ஆட்டனத்தியை ஆதிமந்திக்குக் காட்டிவிட்டுத் தான் கடலுள் புகுந்து மறைந்தவள் அவள். யார் அவள், அவளுக்கு அவன்மேல் எத்தகைய அன்பு என்று பரணர் விரித்துரைக்கவில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் காத்திருப்பு முடியும் இடத்தில் இன்னொரு பெண் இல்லாமற் போகிறாள் என்பதை மட்டும் மறக்காமல் பதிந்து வைத்திருக்கிறார்.

பின்னாளில் இளங்கோவடிகள் இதே செய்தியைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையில் எடுத்தாள்கிறார். புகார் நகரத்துப் பத்தினிப் பெண்டிரைக் கண்ணகி பட்டியலிடும் இடம் அது. அங்கே அவள் கரிகாலன் மகள். அவன் வஞ்சி நாட்டு அரசன். அவள் புனலின் பின்னே அரற்றிச் செல்ல, கடலே அவனை முன்னிறுத்திக் காட்டுகிறது. அவனைத் தழுவிக்கொண்டு மீள்கிறாள். அழகான காட்சிதான். ஆனால் மருதி எங்கே? ஆட்டம் எங்கே? அரசன் கிடைத்தான், ஆடுகளத்தான் காணாமற் போனான். கற்பின் பெருமையைச் சொல்லப் புகுந்த காப்பியத்துக்கு அந்த இரண்டும் வேண்டியிருக்கவில்லை. எனக்கோ பழைய ஆறடிப் பாட்டே மேலாகத் தோன்றுகிறது. அங்கே அவள் அவனுக்குச் சமமானவளாக நின்று தேடுகிறாள்.

ஆதிமந்தியின் துயரம் பெண்பாற் புலவர்களின் நெஞ்சை விட்டு அகலவில்லை. தானும் ஆதிமந்திபோல் அலைந்து திரிவேனோ என்று வெள்ளிவீதியார் கலங்குகிறார். அந்த வெள்ளிவீதியைப்போல நானும் புறப்பட்டுவிட்டேன் என்று ஔவையார் பாடுகிறார். ஒருத்தி சொல்ல ஒருத்தி கேட்பதுபோல அந்தத் தேடல் கைமாறி வருகிறது.

காவிரி எங்கள் ஊரைத் தொடுவதில்லை. கொங்கு நாட்டில் கொடுமுடி வழியாகப் போகிறது. அந்தக் கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. இருவரும் நாடக மேடையின் தனிப்பெரும் பாடகர்கள். இலங்கை மேடையில் சந்தித்தார்கள். 1927இல் மணம் புரிந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது. வள்ளி திருமணத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. வேலன் பாட, வள்ளி மறுத்துப் பாட, அவையோர் இரவு முழுவதும் கண்ணிமையாமல் இருப்பார்கள். தினைப்புனத்தில் ஊடலும் கூடலும் விடிவதற்குள் முறையாக முடிந்துவிடும். வாழ்க்கையில் அப்படி முடியவில்லை. இடையே மனவேறுபாடு வந்தது. பிரிந்து வாழ நேர்ந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்நாளில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. மரியாதையும் மனத்தாங்கலும் ஒன்றையொன்று விலக்காமல் அவற்றில் நிற்கின்றன.

இவரும் ஆடுகளத்தைச் சேர்ந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். எந்த ஊரில் எந்த நாடகம், எந்தக் காட்சியில் எந்தப் பாட்டு என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். கிட்டப்பாவின் குரல் எட்டிப் பிடிக்கும் உச்சத்தையும், அப்போது கொட்டகையில் எழும் ஆரவாரத்தையும் பக்கத்தில் நின்று கேட்டவர். காவிரியிடம் பொறாமைப்பட ஆதிமந்திக்கு உரிமை உண்டு என்றால், அந்த ஆரவாரத்தினிடம் பொறாமைப்பட இவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே ஆரவாரம் இவருடைய உணவும் அல்லவா?

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. இங்கே மருதி வரவில்லை. கடல் எவரையும் கொணர்ந்து காட்டவில்லை.

அன்று முதல் அவர் வெள்ளையுடை உடுத்தார். ஆண் நடிகரோடு இணைந்து காதலியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். அந்நாளில் கேட்டவர் வியந்த தொகை. அதில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தனாராகவே. பின்னர் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953இல் ‘ஔவையார்’. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். காதலர் இருவரை மதுரை நோக்கி வழிநடத்திச் செல்லும் துறவி. வெள்ளிவீதியைப் பாடிய சங்க ஔவையும் படத்தில் வந்த ஔவையும் ஒருவரல்லர் என்பதை ஆராய்ச்சி மாணவர்கள் நினைவூட்டுவார்கள், நினைவூட்டட்டும். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் மறைந்தார். கணவரைப் பிரிந்த பின் ஏறக்குறைய 47 ஆண்டுகள்.

ஆதிமந்திக்கு இல்லாத ஒன்று இவருக்கு இருந்தது. கிட்டப்பாவின் பாட்டுகள் இசைத்தட்டுகளில் பதிவாகியிருந்தன. இன்றும் நாம் அவற்றைக் கேட்க முடிகிறது. கரையோடு ஓடித் தேட வேண்டியதில்லை. பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி முள்ளை வைத்தால் அவர் பாடுவார். அக்காலத்துத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடமும் சில விநாடிகளும் ஓடும். பிறகு கரகரவென்று ஓர் ஓசை. முள்ளை எடுத்து மறுபடியும் விளிம்பில் வைக்க வேண்டும்.