இராமானுஜத்தின் இருளும் ஒளியும்



சமயப் பொருள் பேசும் இம்மேடையிலே ஓர் ஓவியரைப் பற்றிப் பேசத் துணிந்தோம். கே. இராமானுஜம் என்றதும் கணித மேதையை நினைந்துவிடாதீர்கள். இவர் 1940ஆம் ஆண்டளவிற் பிறந்து 1973இல் மறைந்த சென்னைத் தமிழர். பேச்சு இவருக்குச் சரிவர வரவில்லை. பள்ளிப் படிப்பும் ஏறவில்லை. இத்தகைய பிள்ளையை ஊர் என்ன பெயரிட்டு அழைக்குமென்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பதுளையிலும் பசறையிலும் அப்பெயர் வழக்கிலுண்டு.

சென்னை அரசினர் கலைக்கல்லூரியிலே இவருடைய கையின் ஆற்றலைக் கண்டுகொண்டவர் கே. சி. எஸ். பணிக்கர். அவரே 1966இல், மாமல்லபுரம் செல்லும் வழியிலே, சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று அங்குள்ள கலைஞர்கள் சீவனம் நடத்தினர். இராமானுஜமும் அவர்களுள் ஒருவரானார்.

கனவையும் அடிமனத்தையும் தீட்டும் கலைக்கு மேனாட்டார் சர்ரியலிசம் என்று பெயரிட்டனர். 1924இலே ஆந்த்ரே பிரெதோன் பாரிஸ் நகரில் அதற்கோர் அறிக்கையே வெளியிட்டார். விமர்சகர்கள் இராமானுஜத்தையும் அவ்வரிசையிற் சேர்ப்பதுண்டு. சேர்க்கட்டும். ஆனால் அவருடைய படங்களிலே நிற்கும் கோபுரங்களும் மண்டபங்களும் பாரிஸிலிருந்து வந்தவையல்ல.

அவர் வர்ணப் படங்களும் தீட்டினார். எனினும் நம்மைப் பிடித்து நிறுத்துபவை கறுப்பு மையினால் வரைந்த சித்திரங்களே. அவற்றிலே இருள் தூரிகையால் அப்பியதன்று. மெல்லிய கோடுகளை ஒன்றன்மேலொன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, எண்ணிறந்தனவாக இழுத்து இழுத்துக் கட்டிய இருள். ஒளியோ வெறுங் காகிதம். கோடு படாமல் அவர் விட்டுவைத்த இடம். அவ்விடத்திலே ஒரு சர்ப்பத்தின் உடல் பளிச்சென வளைகிறது; சிறகு முளைத்த உருவங்கள் பறக்கின்றன. நடுவிலே தொப்பியணிந்த ஒரு மனிதர். அவர் ஓவியரேதாம். பேச வாய்க்காத மனிதர் அவ்வுலகில் அரசரைப்போல வீற்றிருக்கிறார். அவ்விலங்குகள் அவரைக் கடிக்க வந்தவையாக நமக்குத் தோன்றவில்லை, பரிவாரமாகவே தோன்றுகின்றன.

இது நமக்குப் புதிதா? மின்சாரம் வராத காலத்து லயக் காம்பராவிலே, குப்பி விளக்கின் புகையடியிற் படுத்துச் சுவரைப் பார்த்தோர் இச்சபையிலே பலர் இருக்கின்றீர்கள். அடுப்படியிற் கிடந்த கூடையின் நிழல் கரடியாகும். கம்பளியின் நிழல் யானையாகும். நமது தோட்டத்துக் கோயிலிலே வாகனம் வைத்திருக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முழுவதும் மயிலும் சிங்கமும் இருட்டிலே தூசி படிந்து நிற்கின்றன. திருவிழா இரவிலே தீவட்டி வெளிச்சத்தில் வெளியே வரும்போது அவற்றின் கண்கள் உயிர் பெறுகின்றன! விலங்கின்மேல் தெய்வத்தை ஏற்றிவைத்த நம் முன்னோர், இராமானுஜத்தின் படத்தைக் கண்டு முகஞ் சுளித்திருக்கமாட்டார்கள்.

1973இல் அவர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மேதைகளின் தலையெழுத்து அதுவென்று வியந்து பேசுவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். பசியையும் தனிமையையும் கலையின் விலையென்று சொல்வது, பக்கத்திலிருந்து பாராமுகமாய் இருப்போருக்கு வசதியான பேச்சு. சித்திரம் அவரைக் கொல்லவில்லை. அவ்வளவு காலமேனும் தாங்கி நின்றது அதுவே என்பது நம் எண்ணம்.

சித்திர ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் ஊவாவில் இன்றும் உண்டு. ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காகிதமும் கறுப்பு மையும் பெருஞ்செலவு வைப்பனவல்ல. தெய்வப் படத்தைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டாம். இரவிலே கண்டதை எழுதச் சொல்லுங்கள். வாய் திறவாத பிள்ளையை முன்வரிசையிலே இருத்துங்கள். அப்பிள்ளை மூன்று தலை நாயை எழுதினால், மற்ற இரண்டு தலையையும் அழிக்கச் சொல்லாதீர்கள்.