பட்டும் பத்தும்



காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூரை நோக்கிச் செல்லும் சாலையில், பெரிய ஏரி ஒன்றின் கரையில் அமைந்த தாமல் என் சொந்த ஊர். தொண்டை மண்டலத்தின் பழைய 24 கோட்டங்களுள் ஒன்றுக்குத் தன் பெயரையே கொடுத்த அவ்வூரிலிருந்து கடல் கடந்து இத்தனை தூரம் என்னை வரவழைத்து, சமூக ஊடகங்கள் நம் அன்றாட பாஷையை என்ன செய்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் மொழியியல் கற்ற பண்டிதனல்லன். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் கண்ணிலும் காதிலும் பட்ட விஷயங்களைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

சிறுவயதில் எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று இருந்தது. எழுதத் தெரியாத பெரியவர்கள் தபால் அட்டையோடு வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். 'மாடு கன்னு போட்டுடுச்சுன்னு எழுதுடா' என்று பாட்டி ஒருத்தி சொன்னால், என் பேனா 'நமது பசு கன்று ஈன்றுள்ளது' என்று எழுதும். க்ஷேமம் விசாரித்துத் தொடங்கி, ஆசீர்வாதத்தில் முடியும் அந்தக் கடிதத்தில் பாட்டியின் செய்தி இருந்ததே தவிர, பாட்டி இருக்கவில்லை. வாயிலிருந்து தாளுக்கு வரும் வழியில் ஒவ்வொரு சொல்லும் குளித்து, உடை மாற்றி, திருநீறு இட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்பது அக்கால நியதி. இன்று அந்தப் பாட்டியின் பேரன் கன்றின் படத்தை எடுத்து, 'மாடு கன்னு போட்டுடுச்சு' என்று நான்கு சொற்கள்கூட இல்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான். உழைக்கும் கை ஓயாத நெசவாளரோ, எழுதுவதற்குப் பதிலாகத் தம் குரலையே பதிந்து அனுப்பிவிடுகிறார்.

இதைக் கண்டு வருந்துவோர் பலர் உண்டு, எனக்கு வருத்தமில்லை. பேச்சு வழக்கு, செய்யுள் இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் செய்யப்பட்டதாக அதன் பாயிரம் சொல்லுகிறது. ஆனால் செய்யுளுக்கு ஏடு கிடைத்ததுபோல் வழக்குக்குக் கிடைக்கவில்லை. சிறுகதையும் நாவலும் வந்த பிறகு எழுத்தாளர் சிலர் அதற்கு இடம் கொடுத்தார்கள்; ஆயினும் நெல்லைக்காரரும் கோவைக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் தத்தம் பேச்சைத் தாங்களே, தினந்தோறும், கூச்சமின்றி எழுதும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. எழுத்து என்பது படித்தவர் சொத்து என்ற நிலை மாறி, பேசத் தெரிந்த எவரும் எழுதலாம் என்றாகியிருப்பதை ஒரு பாக்கியமென்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு, கலப்பு. 'ஷேர் பண்ணு', 'பிளாக் பண்ணிட்டான்', 'வேற லெவல்' என்ற பிரயோகங்களைக் கேட்டுத் தமிழ் அழிந்தே போயிற்று என்று சொல்லுவோருக்கு, தறியில் நெய்யும் பட்டையே சாட்சியாக அழைக்கிறேன். காஞ்சிப் புடவையில் உடல் ஒரு வர்ணம், கரை வேறொரு வர்ணம். உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கும் இரண்டு நாடாவுமாக ஓட்டி, இழைக்கு இழை கோத்து வாங்கும் அந்த வேலைக்குக் கோர்வை என்று பெயர். கோர்வை சரியாக விழுந்த புடவை நைந்தாலும் கரை பிரியாது என்பார்கள். 'பிளாக்' என்ற சொல் வெளியூர் நூல்தான். ஆனால் 'பண்ணிட்டான்' என்பதிலே காலமும் பாலும் எண்ணும் நம் இலக்கணப்படியே அடங்கியிருக்கின்றன. தாமலுக்கு அதிக தூரமில்லாத கூரத்தில் கிடைத்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் செப்பேட்டில், முதலாம் பரமேசுவரவர்மன் சமஸ்கிருதத்தைக் கிரந்தத்திலும் தமிழைத் தமிழெழுத்திலுமாக ஒரே ஏட்டில் பொறிக்கச் செய்தான். வைணவ ஆசாரியர்கள் மணிப்பிரவாளத்தில் வியாக்கியானம் எழுதினார்கள். நம் புடவையில் மின்னும் ஜரிகையின் பெயரே பாரசீகத்திலிருந்து வந்தது. அவ்வளவுக்கும் ஈடுகொடுத்த பாஷை 'லைக்' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி ஓடிவிடாது. நல்ல தமிழ்ச் சொல் வாய்த்தபோது மக்கள் அதை ஏற்காமலும் இல்லை. இணையமும் மின்னஞ்சலும் முகநூலும் இன்று பாமரர் நாவிலும் புரளுகின்றன.

அப்படியானால் கவலையே இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்று உண்டு. என் உறவினர் வீட்டில் சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால் அது விளங்கும். வெளிநாட்டில் வளர்ந்த பேத்தி ஒருத்தி, தறி வைத்திருக்கும் தன் சின்னத் தாத்தாவுக்கு, கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை வேண்டுமென்று செய்தி அனுப்பினாள். பேச்சு தமிழ், எழுத்து ஆங்கிலம். பி, ஏ, டி, டி, யு என்ற ஐந்து எழுத்துக்களைப் பக்கத்து வீட்டுப் பையன் படித்துக் காட்டிய மாத்திரத்தில் பெரியவர் திகைத்துப் போனார். இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, விடிந்ததும் போன் செய்து, 'ஏம்மா, பத்துப் புடவைக்கு நான் எங்கே போவேன்? வீட்டிலே தறி ஒண்ணுதானே இருக்கு!' என்றார். 'தாத்தா, நான் பட்டுன்னுதானே எழுதினேன்!' என்றாள் அவள். எழுதியதும் அதைத்தான், படித்ததும் அதைத்தான். நடுவிலிருந்த எழுத்துத்தான் இருவரையும் ஏமாற்றியது.

சிரித்தீர்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குத் தங்கப் பல்லியைத் தொழ வருகிறேன் என்று ஒரு குழந்தை ஆங்கில எழுத்தில் எழுதினால், அது பல்லியா பள்ளியா என்று யார் சொல்லுவார்? லகரமும் ளகரமும் ழகரமும், ரகரமும் றகரமும், நகர னகர ணகரங்களும் அந்த 26 எழுத்துக்குள் கரைந்துபோகின்றன. கண்ணில் வித்தியாசம் மறைந்தால் காலக்கிரமத்தில் காதிலும் மறையும். காதில் மறைந்தது நாவில் நிற்காது. பிற பாஷைச் சொல் வந்தால் அது ஊடை இழை. அடுத்த புடவைக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுத்தோ பாவு. பாவு அறுந்தால் தறியே நின்றுவிடும்.

இதை இச்சபையில் சொல்ல விசேஷ காரணமும் உண்டு. கணினித் திரையில் தமிழெழுத்தை ஏற்றிய கைகளிற் பல கடல் கடந்த தமிழர் கைகள். 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோரின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பத்திரிகைக்கு ஓர் எழுத்துருவாக இருந்து, ஒருவர் அனுப்பியது மற்றொருவர் திரையில் கட்டங்கட்டமாகத் தெரிந்த குழப்பகாலத்தில், 1999 சென்னை மாநாடு 'தமிழ் 99' விசைப்பலகையைத் தந்தது. 2005-இல் சிங்கப்பூரில் 'செல்லினம்' வெளிவந்து கைபேசியிலும் தமிழெழுத்து வந்தது. இன்று ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டினால் தமிழில் 'அம்மா' என்றே வருகிறது. தமிழ் விசை பழகாதவர்க்கும் இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்? பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் ஊரிலிருந்த எங்களுக்குச் செய்து தந்த இந்த உபகாரத்தை, அவர்கள் பேரக் குழந்தைகளே உபயோகிக்காமல் விடுவது நியாயமாகாது.

ஆகையால் என் வேண்டுகோள் சிறியது. குழந்தைகள் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் கலக்கட்டும், கொச்சையாகவே எழுதட்டும், ஆனால் தமிழெழுத்தில் எழுதட்டும். பிழை வந்தால் உடனே திருத்தப் புறப்படாதீர்கள். பிழைக்கு அஞ்சியே பலர் ஆங்கில எழுத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

அந்தப் பேத்தி கல்யாணம் முடிந்ததும் தாத்தாவுக்கு மறுபடியும் ஒரு செய்தி அனுப்பினாள், இம்முறை தமிழெழுத்தில். 'புடவை ரொம்ப அலகா இருக்கு' என்று எழுதியிருந்தாள். அலகு பறவையின் மூக்காயிற்றே என்று நான் வாயைத் திறப்பதற்குள், பெரியவர் கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, 'இருக்கட்டும்டா, இதை நானே எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன்' என்றார்.