கொடியும் தீயும் கருத்துரிமையும்

(மேற்குத் தாம்பரத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

 

கடையடைத்துக் களைப்போடு வந்திருக்கிறீர்கள், சுருக்கமாகவே பேசுகிறேன். சண்முகம் சாலையில் ஒரு தம்பி கேட்டார்: "அரசை எதிர்த்துப் பேசினாலே கொடியை அவமதித்ததாக வழக்குப் போடுவார்களாமே, பாய்?"

இந்த அச்சம்தான் நம் இளைஞர்களின் வாயைக் கட்டிப் போடுகிறது.

1955ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தேசியக் கொடியை எரிக்கப் போவதாகப் பெரியார் அறிவித்தார். முதல்வர் காமராஜர் உறுதிமொழி தந்ததும் தள்ளி வைத்தார். 1957ல், சாதிக்குப் பாதுகாப்பளிக்கும் அரசியல் சட்டப் பிரிவுகளை எரிப்போம் என்றார். உடனே சென்னை சட்டமன்றம் 3 ஆண்டு வரை சிறை என்று அவசரமாகச் சட்டம் இயற்றியது. தெரிந்தேதான் நவம்பர் 26 அன்று எரித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். 1986ல் இந்தி தொடர்பான பகுதியை எரித்த தி.மு.க.வின் 10 எம்.எல்.ஏ.க்கள் பதவியையே இழந்தார்கள்.

இன்று நாடு முழுவதற்கும் உள்ளது 1971ஆம் ஆண்டுச் சட்டம். பொது இடத்தில் கொடியையோ அரசியல் சட்டத்தையோ எரித்தால், மிதித்தால் 3 ஆண்டு வரை சிறை. சொல்லால், எழுத்தால் இழிவுபடுத்தினாலும் குற்றமே. பேச்சையும் தீயையும் ஒரே தட்டில் வைத்தது சரியல்ல என்பது என் கருத்து. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1989ல், கொடி எரிப்பும் கருத்து வெளிப்பாடே என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நம்பி இங்கே யாரும் தீக்குச்சி உரசிவிடாதீர்கள்!

ஆனால் அதே பிரிவின் முதல் விளக்கத்தைப் படியுங்கள். சட்ட வழியில் மாற்றம் கோரி அரசியல் சட்டத்தையும் அரசின் நடவடிக்கையையும் கண்டித்துப் பேசுவது குற்றமல்ல என்று அங்கே எழுதியிருக்கிறது. 2020ல் வண்ணாரப்பேட்டையில் நம் தாய்மார்கள் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தபோது அதே மூவர்ணக் கொடியைத்தானே ஏந்தினார்கள்!

வணிகர்களுக்கு ஒன்று. கொடியின்மேல் கடைப் பெயரையோ வாசகத்தையோ அச்சிடாதீர்கள். 2003 திருத்தப்படி அதுவும் அவமதிப்பே. இளைஞர்களே, ஊர்வலத்துக்குக் கோஷம் எழுதத் தனித்துணி வாங்குங்கள்.

ஆகஸ்ட் 15 மாலை கடை வாசலில் கிழிந்து கிடக்கும் கொடியை என்ன செய்வது என்று ஒரு பெரியவர் கேட்டார். 2002 கொடி விதி சொல்வது வேடிக்கையாக இருக்கும்: சேதமடைந்த கொடியை மறைவான இடத்தில் முழுமையாக, முடிந்தால் எரித்தே, மரியாதையோடு அழிக்க வேண்டுமாம். பையன்களிடம் சொல்லி வையுங்கள், குப்பையோடு பெருக்கிவிடப் போகிறார்கள்.