நெகிழி நாற்காலியும் நிகர் இருக்கையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘இருக்கை’. அரியணையையும் அவைக்களத்தையும் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச விரும்புவது, நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் நெகிழி நாற்காலியைப் பற்றி. சிலர் சற்றே எச்சரிக்கையாக நிமிர்ந்து அமர்வதைக் காண்கிறேன்.

‘நெகிழ்தல்’ நம் இலக்கியத்தில் பெருமைக்குரிய சொல். பிரிவில் தலைவியின் வளை நெகிழும். இறைவனை நினைந்து அடியார் நெஞ்சம் நெகிழும். நாற்காலியின் பின்னங்கால் நெகிழ்ந்தால் மட்டும் அது இலக்கியமாவதில்லை, இடுப்பு முறிவாகிவிடுகிறது. அதனால்தான் உடல் கனத்தவர் வந்தால் இரண்டு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கிறோம். அப்போது கூசுவது நாற்காலியன்று, அமர்பவர்.

இந்த வலுவின்மைக்கு நெகிழியின் இயல்பு மட்டுமே காரணமா? 1972இல் பிரான்சு நாட்டின் ஆன்றி மசோனே, ஒரே வார்ப்பில் இரண்டு நிமிடத்திற்குள் முழு நாற்காலியும் பிறக்கும் முறையைக் கண்டார். பாலிபுரோப்பிலீனை உருக்கி அச்சில் செலுத்தினால் போதும், மூட்டில்லை, ஆணியில்லை. விலை குறைந்தது. மேலும் குறைக்க விரும்பியோர் தகட்டை மெலிதாக்கினர். சுண்ணாம்புக்கல் தூளை மிகுதியாகக் கலந்தனர். வெயிலைத் தாங்கச் சேர்க்க வேண்டிய காப்புப் பொருளைச் சுருக்கினர். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. கதிரவனின் புற ஊதாக்கதிர் பாலிபுரோப்பிலீனின் நெடுஞ்சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கிறது. நிறம் வெளுத்து, தொட்டால் மாவுபோல் ஒட்டி, ஒருநாள் காலும் இருக்கையும் கூடுமிடத்தில் விரிசல் விடுகிறது. மூட்டில்லாத பொருளைத் தச்சராலும் செப்பனிட முடியாது. சூட்டுக்கோலால் துளையிட்டுக் கம்பியால் தைத்துக்கொள்கிறோம்.

வலுவைப் பற்றி அறிந்த மண் இது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோலை விரலால் தடவியே அதன் கனத்தைச் சொல்லும் தொழிலாளர் உண்டு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறி உறுதிபெற்ற தோல் இங்கிருந்து கடல் கடந்தது. ஆயினும் தோலைப் புகழ்ந்து நெகிழியை இகழ நான் வரவில்லை. வேகம் வேண்டிக் குரோமியப் பதனீடு பரவியபோது அதன் விலையைப் பாலாறும், கிணறுகளும், உழவர்களும் தந்தனர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. இந்திய நாட்டுக்கே வழிகாட்டிய அத்தீர்ப்பு நம் மண்ணின் கண்ணீரிலிருந்து பிறந்தது. அந்நெறியை நாற்காலிக்கும் பொருத்திப் பாருங்கள். ஆக்குபவர் மிச்சப்படுத்திய சில உரூபாய்களுக்காகத் தரையில் விழுபவர் யார்?

இங்குதான் என் கருத்தின் மையம் இருக்கிறது. திண்ணையில் அமர்பவர் யார், தரையில் குந்துபவர் யார் என்பதைச் சாதி வகுத்த நாடு இது. மலிவான இந்த நாற்காலி வந்த பின்னரே எத்தனையோ சிற்றூர்களில் பந்தலின் முன்வரிசைக்கும் கடைவரிசைக்கும் ஒரே வகை இருக்கை கிடைத்தது. அரண்மனை முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய செய்தியைப் புறநானூறு சொல்கிறது. ஆனால், 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவர் தரையில் அமர, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்த படத்தையும் நாம் கண்டோம். நாற்காலி எளிய பொருளாகலாம். அதில் அமரும் உரிமை எளியதன்று.

ஆகவே, நெகிழி நாற்காலியின் மெலிவு வெறும் வீட்டுப்பொருள் குறையன்று. நெடுங்காலம் தரையில் இருத்தப்பட்டவர்க்கு ஒருவழியாகக் கிடைத்த நிகர் இருக்கை, ஒரு கோடை தாங்காத பொருளில் கிடைத்திருக்கிறது. விழாக்களில் நல்லவற்றை மேடைக்கு எடுத்துவிட்டு, விரிசல் கண்டவற்றைக் கடைவரிசைக்குத் தள்ளும்போது பழைய வரிசையே வேறு வடிவில் திரும்புகிறது.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். எண்ணிக்கை குறைந்தாலும் கனமான நாற்காலிகளை வாங்குங்கள், வெயிலில் அடுக்காதீர்கள். விழா தொடங்குமுன் கடைவரிசை நாற்காலிகளின் கால்களை முதலில் சோதியுங்கள். நாளைய கவிஞர் பெரும்பாலும் அங்கேதான் தயங்கி வந்து அமர்வார். அவர் விழாதிருக்க வேண்டும்.